செங்காந்தள் கிழங்கு ஆன்லைனில் வாங்குகிறீர்களா? 2,400 ரூபாய் போன கதை

தொட்டியில் வளர்க்க செங்காந்தள் கிழங்கு தேடுகிறவர்கள், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஆறு கிழங்கு, 2,400 ரூபாய். இன்று காலை தொட்டியைக் கிளறினால் ஆறும் கூழாகிக் கிடக்கிறது.

விற்றது, அபூர்வக் கிழங்குச் செடிகள் மட்டுமே விற்பதாகச் சொல்லும் ஒரு ஆன்லைன் கடை. நம்பவைத்தது ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "முனை உடையாம பாத்துக்கோங்க சார், முனை போனா முளைக்காது." விஷயம் தெரிந்தவன் பேச்சு அது. செங்காந்தள் கிழங்கு, அதாவது கண்வலிக்கிழங்கு, கலப்பை மாதிரி இரண்டு கையாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு குருத்துதான். உருளைக்கிழங்கு போல உடம்பெல்லாம் கண் கிடையாது. இவ்வளவு தெரிந்தவன் ஏமாற்றுவானா என்று முழுப் பணத்தையும் அனுப்பினேன்.

பிளாஸ்டிக் கவருக்குள் வேர்த்துப்போய் வந்தன. அதில் இரண்டு, ஒரே கிழங்கை ஒடித்து இரண்டாகக் கணக்குக் காட்டியது. ஒடிந்த வாயைச் சேர்த்துப் பிடித்தால் அப்படியே பொருந்துகிறது! எல்லா நுனியும் எரிந்த தீக்குச்சித் தலை மாதிரி கறுப்பு. குருத்து ஒன்றுகூட இல்லை.

போட்டோ அனுப்பிக் கேட்டால், "நட்டுப் பாருங்க சார், ஆடியில முளைச்சிரும்." 12 அங்குலத் தொட்டி, செம்மண், மணல், மட்கிய உரம், இரண்டு அங்குல ஆழத்தில் படுக்கை வாக்கில் வைத்து, மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் விட்டேன். ஒரு மாதம் கழித்துக் கேட்டால், "தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டீங்க." அடுத்து, "உயிருள்ள பொருளுக்கு ரிட்டர்ன் இல்ல." அதற்கும் அடுத்து பிளாக். நட வைப்பதே தந்திரம். மண்ணுக்குள் போய்விட்டால் அழுகலுக்கு நாம்தான் காரணம், கையில் சாட்சியும் இல்லை. 2,400 ரூபாய்!

இன்னொன்று இதைவிட மோசம். இந்தக் கிழங்கு கொடிய விஷம், பார்க்க வள்ளிக்கிழங்கு மாதிரி இருக்கும். பார்சலில் ஒரு எச்சரிக்கைச் சீட்டுகூட வைக்கவில்லை.

வாங்குவதானால் ஒவ்வொரு நுனியையும் கிட்டத்தில் காட்டும் வீடியோ கேளுங்கள். பார்சல் பிரிப்பதைப் படம் எடுங்கள். நுனி கறுத்திருந்தால் யார் சொன்னாலும் நடாதீர்கள், அப்படியே திருப்பி அனுப்புங்கள். சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள், தொட்டால் கை கழுவுங்கள்.