பேரைக் கண்டால் ஓடுகிறார்கள்: கூகுள் ஃபார்மில் ஒன்றரை வருடம்

வாங்கியவர்களிடம் பேர் கேட்காமல் கருத்து வாங்க, லிங்க் அனுப்பி நிரப்பச் சொல்லும் கேள்விப் படிவமான கூகுள் ஃபார்மைப் போடச் சொன்னேன். பவானியில் ஜமக்காளம் விற்கும் நண்பர் கேட்டார்: "இன்ஸ்டாகிராம்லயே கருத்துக் கேட்டா ஆகாதுங்களா, ஃபார்ம் எதுக்குங்க?"

ஆகாது. ஸ்டோரியில் கேள்வி ஸ்டிக்கர் போட்டால், எழுதியவர் யார் என்று கடைக்காரருக்குத் தெரியும். அந்தப் பதிலைத் திரும்பப் பகிரும்போது மட்டும் பேர் வராது. அதைப் பார்த்து, யாருக்குமே பேர் தெரியாது என்று நம்பி எழுதுகிறவர் பாவம். வாட்ஸ்அப் குரூப் வாக்கெடுப்பு இன்னும் மோசம், சாதாரணமாக யார் எதற்குப் போட்டார் என்பது குரூப்புக்கே தெரியும். டெலிகிராம் சேனலில் பேர் தெரியாமல் ஓட்டுப் போடலாம், ஆனால் ஜமக்காளம் வாங்குகிறவர்கள் அங்கே இல்லை.

நம்ம பக்கம் நேரில் கேட்டால் "நல்லாத்தானுங்க இருக்குது" என்பார்கள். அடுத்த தடவை அதே மரியாதையோடு வேறு கடைக்குப் போவார்கள். பேர் கேட்காத ஃபார்மில்தான் "ரெண்டாவது துவையல்லயே செவப்புச் சாயம் விட்டுருச்சு", "ஆறடின்னீங்க, அஞ்சே முக்கால்தான் இருக்குது" என்று வருகிறது. இந்த ஒன்றுக்காகவே இத்தனை நாள் ஓட்டலாம்.

செட்டிங்ஸில் மின்னஞ்சல் சேகரிப்பை நிறுத்துங்கள். முடிவுச் சுருக்கம் காட்டுவதையும் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அடுத்தவர் எழுதியதை எல்லாரும் படிப்பார்கள். போட்டோ பதிவேற்றும் கேள்வி வேண்டாம், அது லாகின் கேட்கும். கேள்வி நாலுக்கு மேல் போகக் கூடாது. ஊர், வாங்கிய நாள், நிறம் மூன்றையும் சேர்த்துக் கேட்காதீர்கள். "சத்தியமங்கலம், போன செவ்வாய், பச்சை" என்றால் அது பேர் எழுதியதற்குச் சமம்.

எரிச்சல் இங்கேதான். ஒரே ஆள் பத்துத் தடவை திட்டாமல் இருக்க 'ஒருவருக்கு ஒரு பதில்' என்பதைப் போட்டால், கூகுள் லாகின் கேட்கிறது. இன்ஸ்டாகிராம் லிங்க்கைத் தன் உள்ளேயே ஒரு பிரவுசரில் திறக்கிறது, போனில் இருக்கும் கூகுள் கணக்கு அதற்குத் தெரியாது. ஆகவே பாஸ்வேர்டு. யாருக்கு ஞாபகம் இருக்கிறது? லாகின் ஆகி உள்ளே போனாலும் தலைப்புக்குக் கீழே அவருடைய சொந்த மின்னஞ்சல் நிற்கிறது. இது பகிரப்படாது என்று பொடி எழுத்தில் இருப்பதை யார் படிக்கிறார்கள்? மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். பேர் தெரியாது என்கிற நம்பிக்கையும் ஒரு ஆளுக்கு ஒரு பதிலும் சேர்ந்து வருவதில்லை, அவ்வளவுதான்.

'ஒருவருக்கு ஒரு பதில்' என்பதை அணைத்துவிட்டு, பதில்கள் சேரும் ஷீட்டில் நேரத்தைப் பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் ஒரே சாயலில் ஐந்து திட்டு வந்தால் ஒன்றாக எண்ணுங்கள். ஆனால் அதே நேரப் பதிவுதான் ஆளையும் காட்டிக்கொடுக்கும். பார்சல் போய்ச் சேர்ந்தவுடன் ஒருத்தருக்கு மட்டும் லிங்க் அனுப்பி, ரெண்டு நிமிடத்தில் பதில் வந்தால் யாரென்று தெரியாதா? ஸ்டோரியிலும் ஸ்டேட்டஸிலும் எல்லாருக்கும் பொதுவாகப் போடுங்கள், வாரம் ஒருமுறை மட்டும் திறந்து படியுங்கள். க்யூஆர் கோடைக் கல்லாப் பக்கம் ஒட்டினால் முதலாளி பார்க்க எவரும் ஸ்கேன் பண்ண மாட்டார்கள். பைக்குள் போட்டு அனுப்புங்கள்.

கூகுள் ஃபார்முக்குப் பத்துக்கு நாலு மதிப்பெண்தான். ஆனாலும் அடுத்த வாரமும் அதே லிங்க்தான் போகும்.