கடலூரிலிருந்து கிளம்பினால்: ஏற்காடா கொல்லிமலையா, சில்வர் பீச்சா புதுவைக் கடற்கரையா?

கடலூர், புதுச்சேரி பக்கம் இருப்பவர்களுக்குக் கோடை லீவு என்றதும் முதலில் வாயில் வருவது ஊட்டி, இல்லாவிட்டால் கொடைக்கானல். இரண்டும் அருமையான ஊர்கள்தான். ஆனால் இரண்டு மூன்று நாள் லீவுக்கு நமக்கு அவை கட்டுப்படியாகாது. கடலூரிலிருந்து சாலை வழியில் ஊட்டி 400 கிலோமீட்டரைத் தொடும். கொடைக்கானல் 350-ஐத் தாண்டும். 2024 மே மாதம் முதல் இரண்டு ஊருக்கும் வண்டிக்கு இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும். போக ஒரு நாள், வர ஒரு நாள், நடுவில் மலையடிவாரத்து நெரிசலில் அரை நாள் என்று போனால், கையில் மிஞ்சுவது என்ன? நான்கைந்து நாள் இருந்தால் தாராளமாகப் போங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர் மலை ரயிலில் ஏறுவதற்காகவே ஊட்டிக்குப் போகலாம்.

அந்த அளவுக்கு லீவு இல்லாதவர்களுக்கு உண்மையான போட்டி ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும்தான். உளுந்தூர்பேட்டை போய், சேலம் நெடுஞ்சாலையைப் பிடித்துவிட்டால் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே வழி. ஆத்தூர் தாண்டி எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்பதுதான் கேள்வி.

ஏற்காட்டுக்குச் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். உயரம் சுமார் 1,500 மீட்டர். ஏரி, படகு இல்லம், லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில் எல்லாமே காரில் கிட்டே போய் இறங்கிக்கொள்ளும் இடங்கள். மூட்டு வலிக்காரர்கள், கைக்குழந்தை, மாத்திரை டப்பாவோடு வரும் பெரியவர்கள் என்று குடும்பத்தோடு கிளம்பினால் யோசிக்கவே வேண்டாம், ஏற்காடுதான். தங்குவதற்கும் எல்லா விலையிலும் அறை கிடைக்கும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: மே மாதப் பகலில் ஏற்காடு ஸ்வெட்டர் கேட்கிற ஊர் இல்லை. கீழே சேலத்தில் கொதிக்கும்போது மேலே இதமாக இருக்கும், அவ்வளவுதான். கோடை விழா நடக்கிற நாட்களில் ஏரியைச் சுற்றி நடக்கக்கூட இடம் இருக்காது. கூட்ட நாட்களில் வண்டிகளை ஒரு சாலையில் ஏற்றி, குப்பனூர் சாலை வழியாக இறக்கிவிடுவதும் உண்டு.

என்னைக் கேட்டால் ஏற்காட்டின் அழகு வியூ பாயிண்டுகளில் இல்லை, காபித் தோட்டங்களில் இருக்கிறது. சில்வர் ஓக் மரங்கள் நிழல் தர, அவற்றின் மேல் மிளகுக் கொடி ஏறியிருக்க, அடியில் காபிச் செடிகள். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்து சில நாட்கள் கழித்துப் போனால், கிளை தெரியாத அளவுக்குக் கணுவுக்குக் கணு வெள்ளைப் பூ கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும்; மல்லிகையா என்று திரும்பிப் பார்க்க வைக்கும் வாசனை. சில நாட்களில் வாடிவிடும். தேதி குறித்துப் போய்ப் பார்க்க முடியாது, வாய்த்தால் உண்டு.

கொல்லிமலை வேறு ரகம். காரவள்ளியிலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வருகிறவர்களை முன் சீட்டில் உட்கார வையுங்கள், கிளம்பும் முன் வயிறு முட்டச் சாப்பிட விடாதீர்கள். முள்ளுக்குறிச்சி வழியாகவும் ஒரு சாலை ஏறுகிறது. மேலே போனால் சுற்றுலா ஊருக்குள் நுழைந்த மாதிரியே இருக்காது. வயலும் பலாவும் வாழையும் மிளகுமாக, மக்கள் விவசாயம் செய்து வாழ்கிற நாடு அது. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை. ஆடிப் பதினெட்டை ஒட்டி அவனுக்கு விழா நடக்கும்.

இங்கே எல்லோரும் தேடி வருவது ஆகாய கங்கை அருவி. அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்குவது சுலபம் என்று நினைக்காதீர்கள். பாதியிலேயே தொடை நடுங்க ஆரம்பிக்கும். கடைசியில் ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து தண்ணீர் விழுகிறது. அதன் எதிரில் நின்றாலே சாரலில் சட்டை நனைந்துவிடும். ஏறி வர இறங்கிய நேரத்தைப் போல இரண்டு பங்கு வைத்துக்கொள்ளுங்கள். இதய நோய் உள்ளவர்களும் முழங்கால் தேய்ந்தவர்களும் கோயிலோடு நின்றுகொள்வது நல்லது. ஏறி வந்த பிறகு ஒரு டம்ளர் முடவாட்டுக்கால் சூப் குடியுங்கள். பாறையிடுக்கில் வளரும், ரோமம் படர்ந்த கிழங்கு அது; ஆட்டுக்கால் சூப் போலவே இருக்கும், ஆனால் சுத்த சைவம்.

ஏப்ரல், மே மாதங்களில் அருவியில் தண்ணீர் நூலாகிவிடும். அத்தனை படி இறங்கி அதைப் பார்ப்பது பாவம். ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரைதான் கொல்லிமலைக்குக் காலம். பலத்த மழைக்குப் பின் குளிக்கத் தடை போடுவார்கள் என்பதால் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். ஆகவே கோடைக்கு ஏற்காடு, காலாண்டு லீவுக்குக் கொல்லிமலை என்பது என் கட்சி. நடக்கத் தெம்புள்ள இளைஞர் கூட்டம் என்றால் எந்தத் தயக்கமும் இல்லாமல் கொல்லிமலைக்கு ஓட்டு போடுவேன்.

கல்வராயன் மலை இவற்றைவிட நமக்குக் கிட்டே. ஆனால் தங்கும் வசதி குறைவு. காலையில் போய் மாலையில் திரும்ப மட்டும் அது சரி.

இனி கடற்கரை. சில்வர் பீச்சும் புதுவை ராக் பீச்சும் 25 கிலோமீட்டர் இடைவெளியில் இருந்தாலும் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. புதுவையில் நாம் போவது நடப்பதற்கு. மாலை 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். குழந்தைகளைக் கையை விட்டு ஓட விடலாம். செஞ்சியிலிருந்து கொண்டுவந்த எட்டுக் கருங்கல் தூண்களுக்கு நடுவே காந்தி சிலை, எதிரே பழைய கலங்கரை விளக்கம், பிரெஞ்சுப் போர் நினைவிடம். 1980-களில் துறைமுகத்துக்கு அலைதடுப்புக் கட்டிய பிறகு மணல் அரித்துப் போய் வெறும் கருங்கல்லாக நின்ற கரை அது. கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்த பின் தலைமைச் செயலகத்துக்கு எதிரே மறுபடி மணல் சேர்ந்திருப்பது பெரிய சந்தோஷம்.

சில்வர் பீச் இருக்கும் கடலூர் தேவனாம்பட்டினத்தில் மணலுக்குப் பஞ்சமே இல்லை. அகன்ற கரை, படகுகள், காயும் வலைகள். ஒதுங்க நிழல்தான் கிடையாது. கத்திரி வெயில் நாட்களில் கடல்காற்று நண்பகலைத் தாண்டித்தான் வீசத் தொடங்கும். அதுவரை மேற்கிலிருந்து வரும் அனல்தான். அதனால் காலை ஏழுக்குள், இல்லாவிட்டால் மாலை ஐந்துக்கு மேல் போங்கள். விடிகாலை என்றால் சில்வர் பீச், இரவு நடைக்குப் புதுவை என்று நான் பிரித்து வைத்திருக்கிறேன்.

நோணாங்குப்பத்திலிருந்து படகில் போகும் பாரடைஸ் பீச் அழகுதான். ஞாயிற்றுக்கிழமை படகுக்கு நிற்கும் வரிசைதான் ஆளைக் கொல்லும். சின்ன வீராம்பட்டினம் ஈடன் பீச் 2021-இல் நீலக் கொடிச் சான்று (சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரும் சர்வதேசச் சான்று) பெற்றது. உடை மாற்ற, கழிவறைக்கு வசதி வேண்டும் என்கிற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதையே சொல்வேன்.

எந்தக் கரையானாலும், குளிக்க இறங்கும்போது தயவுசெய்து இதைக் கவனியுங்கள். இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையில்லாமல், மண் கலங்கிய நிறத்தில் சாதுவாகத் தெரிந்தால் அங்கே இறங்காதீர்கள். உள்ளே இழுக்கும் நீரோட்டம் அதுதான். சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறிய பிறகு திரும்புங்கள். ஒவ்வோர் ஆண்டும் வெளியூர்ப் பிள்ளைகள் நம் கடலில் உயிர் விடுவதைக் கேட்க மனசு ஆறவில்லை. வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

கடலே வேண்டாம், தண்ணீர் போதும் என்றால் பிச்சாவரம். துடுப்புப் படகையே கேளுங்கள். சுரபுன்னை வேர்களுக்கு நடுவில் உள்ள குறுகிய கால்வாய்களுக்குள் அதுதான் நுழையும்.

அப்புறம், மீன் சாப்பாட்டுக்காக யாரையாவது கூப்பிடுவதானால் மே மாதம் வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை; சின்னப் படகுகள் கொண்டுவருவதுதான் கிடைக்கும், விலையும் ஏறியிருக்கும். ஜூன் கடைசியில் வரச் சொல்லுங்கள்.