தாத்தாவின் ரைபிள் கட்டையில் விரிசல்: ஒட்டிப் பல வருடங்களுக்குப் பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஒட்டு நிற்கிறது. தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கும், அப்பாவிடமிருந்து எனக்கும் வந்த மவுசர் 98 வகை வேட்டை ரைபிள் இது. இரும்பைத் தாங்கி, தோளில் வைத்துப் பிடிக்கும் மரப் பகுதியைத்தான் கட்டை என்கிறேன், இதில் அது வால்நட் மரம். துப்பாக்கியின் இரும்பு உடல் பின்னால் வால் போல நீண்டு மரத்தில் பதிந்து முடியும் அல்லவா, அதற்கு நேர் பின்னால், கை பிடிக்கும் இடத்தை நோக்கி ஒரு மெல்லிய விரிசல் ஓடியிருந்தது. ஒட்டிய பிறகு வேட்டைக்கும் போயிருக்கிறது, இலக்குப் பயிற்சியிலும் நிறையச் சுட்டாயிற்று. பார்ப்பவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: “என்ன பசை போட்டீங்க?” பசைக்கு நான் பாதிப் பெருமைகூடக் கொடுக்க மாட்டேன்.

விரிசல் ஏன் வந்தது என்பதுதான் விஷயம். சுடும்போது வரும் உதையை, இரும்பு உடலின் முன்பக்கம் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் ரீகாயில் லக் வாங்கி மரத்துக்குக் கொடுக்க வேண்டும். நாளாக ஆக அந்த லக்குக்குப் பின்னால் இருக்கும் மரம் நசுங்கிவிடும். அப்புறம் ஒவ்வொரு சூட்டுக்கும் இரும்பு கொஞ்சம் பின்னால் நகரும். வால்முனை விறகுக்குள் இறக்கிய ஆப்பாக மரத்தைப் பிளக்கும். ராணுவத்துக்குச் செய்த மவுசர் கட்டைகளில் லக்குக்குப் பின்னால் குறுக்காக ஓர் எஃகு போல்ட் இருப்பது இதற்காகத்தான். வேட்டைக்கென்று மெலிதாகச் செதுக்கிய கட்டைகள் பலவற்றில் அது கிடையாது. எங்களுடையதிலும் இல்லை.

கழற்றியதும் இன்னொன்றும் தெரிந்தது. (குண்டு இல்லை என்று அது உட்காரும் அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, அந்த அறையை மூடித் திறக்கும் போல்ட்டை உருவி வைத்துவிட்டுத்தான் ஸ்க்ரூவில் கை வைக்க வேண்டும்.) இரும்பையும் கட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் பின்பக்க ஸ்க்ரூ போகிற துளைக்குள் ஒரு சின்ன இரும்புக் குழாய் இருக்க வேண்டும். ஸ்க்ரூவை எவ்வளவு முறுக்கினாலும் அழுத்தத்தைத் தான் தாங்கிக்கொண்டு மரத்தை நசுங்கவிடாமல் காப்பது அதுதான். எந்தக் காலத்தில் யார் கழற்றினார்களோ, அது காணாமல் போயிருந்தது. இதை இரண்டையும் கவனிக்காமல் விரிசலில் மட்டும் பசையை ஊற்றினால், ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று பிளக்கும்.

வேலையில் அதிக நேரம் தின்றது எண்ணெயை எடுப்பதுதான். பல வருடத் துப்பாக்கி எண்ணெய் ஊறி, வாலுக்கு அடியில் மரம் கறுத்துக் கிடந்தது. எண்ணெய் ஊறிய மரத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. சுத்தமான சுண்ணக்கட்டி (சாக்) தூளை அசிட்டோனில் குழைத்துப் பூசினேன். காயக் காய அந்த வெள்ளைப் பூச்சு பழுப்பாகும். சுரண்டிவிட்டு மறுபடி பூச வேண்டும். பூச்சு வெள்ளையாகவே காய்கிற வரை விடக் கூடாது. அசிட்டோன் குபீரென்று பற்றும், ஆகவே திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் நெருப்போ ஹீட்டரோ வேண்டாம்.

பசை, இரண்டு பாகங்களைக் கலந்து போடும் எபாக்சி, அதிலும் மெதுவாக இறுகுவது. ஐந்து நிமிட எபாக்சி விரிசலின் அடிவரை இறங்குவதற்குள் கெட்டியாகிவிடும். விரிசலை மெல்லிய தகட்டால் லேசாகத் திறந்து, மரத்தை இளஞ்சூடாக்கினால் எபாக்சி இளகித் தானாக உள்ளே இறங்கும். பிறகு சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி இறுக்கிச் சுற்றினேன். வளைந்த பிடியில் எந்தக் கிளாம்ப்பும் இவ்வளவு சீராக அழுத்தாது. இறுகிய பின், வால் மூடிக்கொள்ளும் இடத்திலிருந்து சாய்வாகத் துளைத்து, மரை போட்ட பித்தளைக் கம்பி ஒன்றை விரிசலுக்குக் குறுக்கே எபாக்சியோடு இறக்கினேன். வெளியே தெரியாது.

கடைசியில் லக்குக்குப் பின்னால் நசுங்கிய மரத்தைச் செதுக்கி எடுத்து, லக் அழுந்தி உட்கார எபாக்சியால் புதுத் தளம் போட்டேன். இரும்பு முழுவதும், முக்கியமாக ஸ்க்ரூ மரைகளில், மெழுகு தடவாவிட்டால் துப்பாக்கியும் கட்டையும் ஒரே பொருளாகிவிடும், ஜாக்கிரதை. வாலுக்குப் பின்னால் சுமார் அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டேன். பின் ஸ்க்ரூவுக்குப் புதுக் குழாயும் போட்டாயிற்று.

இத்தனை நாள் பயன்படுத்தியதில் குறை என்று சொன்னால், கோடு முழுதாக மறையவில்லை. சாய்த்துப் பிடித்தால் வெளிச்சத்தில் தெரியும். அந்த இடம் மட்டும் கொஞ்சம் பளபளப்பு கூடுதல். முழுக் கட்டையையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சமமாகும், ஆனால் தாத்தாவின் உள்ளங்கை பட்டுப் பட்டு வந்த மெருகைத் தேய்த்தெடுக்க எனக்கு மனசில்லை. பழைய துப்பாக்கிக்கு அது மதிப்பையும் குறைக்கும். புதுத் தளம் போட்டதும் குண்டு விழும் இடம் மாறியது. ஆகவே வேட்டைக்குப் போகும் முன் இலக்கில் சுட்டுக் குறியைச் சரிசெய்தே ஆக வேண்டும். பிடி குறுக்கே முழுதாக முறிந்த கட்டையென்றால் இதை நம்பாதீர்கள், துப்பாக்கித் தச்சரிடம் கொடுங்கள்.

இப்போது பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. எண்ணெய் போட்ட பிறகு குழல்முனை கீழே இருக்கும்படி சாய்த்து வைக்கிறேன். நிமிர்த்தி வைத்தால் மிச்ச எண்ணெய் வடிந்து மறுபடி அதே மரத்தில்தான் ஊறும். மரத்துக்கு எப்போதாவது ஆளிவிதை எண்ணெய் ஒரு கை தேய்ப்பதோடு சரி. தேய்த்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயப்போடுங்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது.