மீளச் செய்த பழைய எஞ்சினில் வால்வுக் கோளாறு: மலைநாட்டில் எந்த மானியை நம்புவது?

முழுமையாக மீளச் செய்து முடித்த பழைய எஞ்சின் ஒன்று ஏற்றத்தில் இழுக்க மறுத்து, வால்வுப் பக்கத்திலிருந்து சத்தமும் எழுப்பினால், நம் பகுதிக் கராஜ்களில் முதலில் சொல்லப்படுவது ஹெட்டை, அதாவது வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேல்மூடியை, கழற்றிப் பார்க்கலாம் என்பதுதான். கழற்றினால் புதிய கேஸ்கட் வேண்டும். அதைவிட முக்கியமாக, எந்த வால்வு எந்த நிலையில் கசிந்தது என்ற தடயமும் கழற்றும்போதே போய்விடுகிறது. ஆகவே கழற்றுவதற்கு முன் செய்யக்கூடிய மூன்று சோதனைகளை, அதாவது கம்பிரஷன் மானி (சிலிண்டர் எவ்வளவு அழுத்தம் எழுப்புகிறது என்று அளப்பது), வெற்றிட மானி (எஞ்சின் காற்றை உறிஞ்சும் வலிமையை அளப்பது), லீக்டவுன் மானி (சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று அளப்பது) ஆகியவற்றை, நுவரெலியாவில் ஓடும் என் மொரிஸ் மைனர் 1000இன் 1098 சிசி எஞ்சினில் செய்து பார்த்தேன். நான் லீக்டவுன் பக்கமே நிற்கிறேன்.

கம்பிரஷன் மானி எல்லாக் கராஜிலும் உண்டு. பிளக்குகள் நான்கையும் கழற்றி, த்ரொட்டிலை முழுவதும் திறந்து, பட்டரி நல்ல நிலையில் இருக்கும்போது ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் போதும். சிலிண்டருக்குச் சிலிண்டர் உள்ள வித்தியாசத்தை இது நேர்மையாகக் காட்டும். ஆனால், மீளச் செய்த எஞ்சினில் ரிங்குகள் இன்னும் சிலிண்டர் சுவரோடு பழகியிருக்காது. குறைந்த அளவு ரிங்கினாலா வால்வினாலா என்பதைப் பிரித்தறிய சிலிண்டருக்குள் சிறிது எண்ணெய் ஊற்றி மீண்டும் அளக்க வேண்டியிருக்கும். எண்ணெய் ஊற்றியும் அளவு ஏறாவிட்டால் வால்வை அல்லது கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாமே தவிர, அது உள்வால்வா வெளிவால்வா என்பதை இந்த மானி சொல்லாது.

வெற்றிட மானி மலிவானது, இணைப்பதும் எளிது. ஊசி ஒழுங்கான இடைவெளியில் விழுந்து எழுந்தால் ஒரு வால்வு சரியாக அமரவில்லை என்றும், எஞ்சின் வேகம் கூடக் கூட ஊசியின் ஆட்டமும் விரிந்தால் வால்வு ஸ்பிரிங் தளர்ந்துள்ளது என்றும் கொள்ளலாம்.

இவ்விரண்டுக்கும் பொதுவான குறை உயரம்தான். இதையே நான் தீர்மானமான காரணமாகக் கருதுகிறேன். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதன் ஐந்தில் நான்கு பங்குதான். கொழும்பில் சதுர அங்குலத்துக்கு 150 இறாத்தல் கம்பிரஷன் காட்டும் எஞ்சின், எந்தக் குறையும் இல்லாமலேயே இங்கு 120 முதல் 125 வரைதான் காட்டும். வெற்றிட மானியில் ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஓர் அங்குலப் பாதரசம் குறையும். சமவெளியில் 18 முதல் 21 அங்குலம் வரை நிற்க வேண்டிய ஊசி இங்கே 12க்கும் 15க்கும் இடையில் அசையாமல் நிற்கும். அசையாத தாழ்ந்த அளவு என்றால் வால்வு டைமிங், அதாவது வால்வுகள் திறந்து மூடும் நேரம், பிந்தியிருக்கிறது என்றே கைநூல்கள் சொல்லும். புதிதாக டைமிங் செயின் போட்ட எஞ்சினில் இப்படி ஓர் எண் வந்தால், சரியாக இருக்கும் டைமிங்கைக் கழற்றத் தொடங்கிவிடுவார்கள். ஹட்டனிலும் பண்டாரவளையிலும் இந்த வித்தியாசம் குறைவு; எனினும் புறக்கணிக்கத்தக்கதல்ல.

லீக்டவுன் மானி அழுத்தத்தைத் தனி எண்ணாகப் பார்ப்பதில்லை. அதில் இரண்டு மானிகள், இடையே ஒரு சிறு துளை. முதல் மானி 100 இறாத்தல் காட்டும்போது இரண்டாவது 90 காட்டினால் கசிவு பத்து வீதம். எல்லாமே ஒப்பீடு என்பதால் மலை உயரம் இதில் நடைமுறையில் ஒரு பொருட்டல்ல. அதைவிடப் பெரிய நன்மை, காற்று எங்கே வெளியேறுகிறது என்பதைக் காதால் கேட்கலாம்: கார்புரேட்டரில் சீறினால் உள்வால்வு, சைலன்சரில் சீறினால் வெளிவால்வு, எண்ணெய் மூடியில் வந்தால் ரிங், ரேடியேட்டரில் குமிழி எழுந்தால் கேஸ்கட். காற்றுக்கு டயர் கடைக் கொம்பிரசர் போதும். சோதிக்கும் சிலிண்டரின் பிஸ்டன் கம்பிரஷன் உச்சியில் சரியாக நிற்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றழுத்தமே கிராங்கைச் சுழற்றிவிடும் என்பதால், அதில் ஸ்பேனரை மாட்டி வைத்துக்கொண்டு காற்றைத் திறக்கவே கூடாது. சிலிண்டர்கள் எரியும் 1-3-4-2 வரிசையில் கிராங்கை அரைச்சுற்றாகத் திருப்பிக்கொண்டே போனால் நான்கும் முடிந்துவிடும்.

என் எஞ்சினில் நான்காவது சிலிண்டரின் வெளிவால்வில் கசிவு கேட்டது. இந்த இடத்தில் செய்ய வேண்டிய ஒரு சிறு வேலையை வலியுறுத்திச் சொல்கிறேன்: காற்று ஏறியிருக்கும் நிலையிலேயே அந்த வால்வின் டெப்பட் திருகாணியை (வால்வின் இடைவெளியைச் சரிசெய்யும் திருகாணி) நன்றாகத் தளர்த்துங்கள். கசிவு நின்றால் இடைவெளி இறுகியிருந்தது என்று பொருள், 0.012 அங்குலத்துக்குச் சரிசெய்தால் முடிந்தது. நிற்காவிட்டால் வால்வோ, அது அமரும் சீட்டோ, அதன் தண்டு நகரும் கைடோதான் பிழை. எனக்கு நிற்கவில்லை. சீட் வெட்டியபோது கைடின் மையத்தோடு அது பொருந்தவில்லை என்பது ஹெட்டைக் கழற்றியதும் தெரிந்தது. முன்கூட்டியே ஒரே வால்வைக் குறித்து வைத்திருந்ததால் வேலை அதோடு நின்றது.

இடைவெளி ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் குறைந்துகொண்டே போனால் சீட் உட்குழிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். சீட்டைத் தேயாமல் காத்துவந்த ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002இல் நிறுத்தப்பட்டது. கடின சீட் பொருத்தாத பழைய இரும்பு ஹெட், றம்பொடை ஏற்றம் போன்ற நீண்ட சுமை ஓட்டத்தில் விரைவாகத் தேயும்.

லீக்டவுனால் முடியாத ஒன்று உண்டு. எஞ்சின் நிற்கும்போது செய்யும் சோதனை என்பதால், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டின் மேடு தேய்ந்து வால்வு போதிய அளவு திறக்காமல் இருப்பதை அது காட்டாது. கம்பிரஷன் ஒரு சிலிண்டரில் மட்டும் குறைந்து, லீக்டவுன் நன்றாக இருந்தால், டயல் கேஜ் வைத்து வால்வின் எழுச்சியை அளந்து மற்றவற்றோடு ஒப்பிட வேண்டும். ஆகையால் கம்பிரஷன் மானியைத் துணைக்கு வைத்திருப்பதே அறிவு. சத்தத்துக்கும் இச்சோதனை உதவாது: வால்வை அழுத்தித் திறக்கும் ரொக்கரின் முனையில் பள்ளம் விழுந்திருந்தால் ஃபீலர் கேஜ் பள்ளத்தின் மேலே பாலமாகக் கிடந்து, உண்மையில் இருப்பதைவிடக் குறைந்த இடைவெளியைக் காட்டும், எத்தனை தடவை டெப்பட் வைத்தாலும் சத்தம் போகாது.

இவையெல்லாம் புஷ்றொட் எஞ்சினில், அதாவது கீழேயுள்ள கேம்ஷாஃப்ட் தண்டுகளால் வால்வுகளை இயக்கும் எஞ்சினில், கண்டவை. கேம்ஷாஃப்ட் ஹெட்டின் மேலேயே அமைந்த ஜப்பானிய எஞ்சின்களில் கசிவு அளக்கும் முறை மாறாது. ஆனால் டெப்பட்டைத் தளர்த்திப் பார்க்கும் அந்த வழி ஷிம் (இடைவெளியைத் தீர்மானிக்கும் மெல்லிய தகடு) வைத்த எஞ்சின்களில் இவ்வளவு எளிதாக அமையாது, அவற்றில் எனக்கு நேரடி அனுபவமும் இல்லை.