5432 யாருடையது? எஸ்எஸ்எச் டனலில் போர்ட் மோதும்போது எந்த வழி நல்லது

போன மாதம் கொழும்பு பம்பலப்பிட்டியில் உள்ள எங்கள் அலுவலகத்தில், புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் என் மேசைக்கு வந்து நின்றான். "அண்ணா, சர்வரில் இருந்த தரவெல்லாம் போய்விட்டது. 12 வரிசைதான் மிச்சம்" என்றான். முகம் வெளிறிப் போயிருந்தது. சிங்கப்பூரில் இருக்கும் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் சர்வருக்கு அவன் எஸ்எஸ்எச் டனல் (நம் கணினியின் ஒரு போர்ட்டுக்கு வருவதைப் பாதுகாப்பாகத் தூரத்து சர்வருக்குக் கொண்டுபோகும் வழி) போட்டிருந்தான், போட்டுவிட்டதாக நினைத்திருந்தான். அவனுடைய மடிக்கணினியிலேயே இன்னொரு போஸ்ட்கிரெஸ் அதன் வழக்கமான 5432ஆம் போர்ட்டில், அதாவது நிரல்கள் இணைப்புக்காகக் காத்திருக்கும் எண்ணிட்ட வாசலில், உட்கார்ந்திருந்ததால் டனலுக்கு இடம் கிடைக்கவில்லை. அவன் பார்த்தது மடிக்கணினியில் இருந்த டேட்டாபேஸை; அந்த 12 வரிசைகளும் அவனே பரிசோதனைக்காக முந்தைய வாரம் போட்டவை.

பழியை முழுக்க அவன்மேல் போட எனக்கு மனமில்லை. டனல் போட நாம் ஓட்டும் ஓபன்எஸ்எஸ்எச் நிரலின் இயல்பே அப்படி. போர்ட் கிடைக்காவிட்டால் 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' என்று ஒரு வரி எழுதிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் சர்வருக்குள் விட்டுவிடும். சர்வரின் வரவேற்பு வாசகங்கள் வந்து விழுந்ததும் அந்த வரி மேலே போய் மறைந்துவிடும். அதனால், கீழே வரும் வழிகளை ஒப்பிடும்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான்: தோற்றால் அது சத்தம் போடுமா, வாய்மூடி இருக்குமா?

முதலில் போர்ட்டைப் பிடித்திருப்பது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். லினக்ஸில் இதற்கு எல்எஸ்ஓஎஃப், எஸ்எஸ் என்று இரண்டு கட்டளைகள் புழக்கத்தில் உள்ளன. பலருக்குப் பழகியது எல்எஸ்ஓஎஃப். ஆனால் அதை சூடோ (நிர்வாகி உரிமையோடு ஓட்டும் கட்டளை) இல்லாமல் ஓட்டினால், வேறொரு பயனர் பெயரில் ஓடும் நிரல்களைக் காட்டாது. திரை வெறுமையாக இருக்கும். டாக்கர் கன்டெய்னருக்காக (நிரலைத் தனிப் பெட்டிபோல் பிரித்து ஓட்டும் முறை) போர்ட்டைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் ரூட் என்ற நிர்வாகிப் பயனரின் நிரல். வெறுமையான திரையைப் பார்த்துவிட்டு 'போர்ட் காலியாகத்தானே இருக்கிறது' என்று அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். எஸ்எஸ் கட்டளையும் சூடோ இல்லாமல் நிரலின் பெயரைச் சொல்லாது. ஆனால் போர்ட் பிடிபட்டிருக்கிறது என்பதை மறைக்காது. என் கை அதற்குத்தான் போகும்.

ஆள் யார் என்று தெரிந்த பின், பெரும்பாலோர் உடனே செய்வது கில், அதாவது அந்த நிரலை நிறுத்தும் கட்டளை. பிடித்திருப்பது நாமே நேற்றுப் பின்னணியில் ஓட விட்டு மறந்த பழைய எஸ்எஸ்எச் டனல் என்றால், கில் மிகச் சரியான மருந்து. நடைமுறையில் பாதி வழக்குகள் இதுதான். பிடித்திருப்பது ஒரு டேட்டாபேஸ் என்றால் கதை வேறு. அதை முறையாக நிறுத்தாமல் அவகாசமே தராத 9ஆம் எண் சிக்னலால் வீழ்த்தினால், அடுத்த முறை எழும்போது அது மீட்பு வேலையில் இறங்கித்தான் தொடங்கும். அதைவிட, அந்த டேட்டாபேஸை நம்பியிருக்கும் உங்கள் வேறொரு வேலை மாலையில் காரணம் தெரியாமல் விழும்.

நம் பக்கத்து டனலின் போர்ட் எண்ணை மாற்றுவது இதைவிடச் சாதுவான வழி. 5432க்குப் பதில் 15432, அடுத்த சர்வருக்கு 25432 என்று முன்னால் ஓர் இலக்கத்தைச் சேர்த்துக்கொண்டால் நினைவிலும் நிற்கும். 1024க்குக் கீழே போனால் ரூட் உரிமை வேண்டும். லினக்ஸில் 32768 முதல் 60999 வரை, வெளியே போகும் இணைப்புகளுக்கு இயங்குதளம் தானாகவே எடுத்துக்கொள்ளும் வட்டாரம், அங்கே நிரந்தர வீடு கட்டாதீர்கள். செயலியின் அமைப்பில் எண்ணை மாற்ற வேண்டும் என்பதுதான் இதன் ஒரே சில்லறைத் தொல்லை. ஆனால் டனல் விழுந்தால் 15432இல் வேறு யாரும் இல்லாததால், இணைப்பு மறுக்கப்பட்டது என்ற பிழை முகத்தில் அறையும். அந்த அறைக்காகவே இதற்கு என் வாக்கு.

எண்ணை மாற்றாமல் முகவரியை மாற்றும் வித்தையும் உண்டு: கணினி தன்னையே குறிக்கும் வழக்கமான 127.0.0.1க்குப் பதில் 127.0.0.2இல் 5432. லினக்ஸில் இது கூடுதல் வேலை இல்லாமல் நடக்கும். மேக்கில் அந்த முகவரியை முதலில் கையால் சேர்க்க வேண்டும். அழகான வித்தைதான். ஆனால் டாக்கர் வழக்கமாகச் செய்வதுபோல் 0.0.0.0இல், அதாவது எல்லா முகவரிகளிலும், 5432ஐப் பிடித்திருந்தால், லினக்ஸில் இதுவும் மோதும். போர்ட்டுக்குப் பதில் ஒரு கோப்பையே வாசலாக்கி, யூனிக்ஸ் சாக்கெட் கோப்பு வழியாக அனுப்பும் வசதி 2014இல் ஓபன்எஸ்எஸ்எச் 6.7 பதிப்போடு வந்தது. அதில் எண் என்ற பேச்சே இல்லை. ஆனால் டனல் முடிந்த பின் அந்தக் கோப்பு அங்கேயே கிடந்து, மறுநாள் அதே 'ஆல்ரெடி இன் யூஸ்' பாட்டைப் பாடும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அமைப்புக் கோப்பில் 'எக்ஸிட்ஆன்ஃபார்வர்ட்ஃபெயிலியர் யெஸ்' என்ற வரியைப் போட்டுவிடுங்கள். டனல் தோற்றால் எஸ்எஸ்எச் உள்ளே விடாமல் வெளியேறிவிடும். இதிலும் ஒரு பொத்தல் உண்டு. முகவரி சொல்லாமல் போர்ட் எண் மட்டும் கொடுத்தால், எஸ்எஸ்எச் பழைய முகவரி முறையான ஐபிவி4இன் 127.0.0.1ஐயும் புதிய முறையான ஐபிவி6இன் லோக்கல்ஹோஸ்டையும் (இதே கணினி என்று பொருள்) சேர்த்தே கேட்கும். இரண்டில் ஒன்று கிடைத்தாலும் வெற்றி என்று கணக்கெழுதும். உங்கள் கன்டெய்னர் 127.0.0.1ஐ மட்டும் பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லோக்கல்ஹோஸ்ட் என்று பெயர் கொடுத்த நிரல் டனல் வழியே சிங்கப்பூர் போகும்; 127.0.0.1 என்று எண் கொடுத்த நிரல் கன்டெய்னருக்குப் போகும். ஒரே மடிக்கணினி, ஒரே போர்ட், இரண்டு டேட்டாபேஸ்! டனல் கட்டளையிலேயே போர்ட்டுக்கு முன்னால் 127.0.0.1 என்று எழுதிவிட்டால் இந்த விபரீதம் நடக்காது. தோற்றால் முழுதாகத் தோற்கும்.

இதுவரை சொன்னது நம் பக்கத்துப் போர்ட். சர்வர் பக்கத்தில் போர்ட் திறக்கும் தலைகீழ் டனலில் மோதல் வேறு மாதிரி வரும். 2022 மின்வெட்டுக் காலத்தில் வெள்ளவத்தை வீட்டிலிருந்து வேலை செய்தபோது இதைத் தினமும் அனுபவித்தேன். மின்சாரம் போனதும் ரவுட்டர் சாகும். தூரத்து சர்வருக்கு நாம் போனது தெரியாது. இறந்த இணைப்பின் பெயரில் 8080ஐக் காத்துக்கொண்டிருக்கும். மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் லினக்ஸின் இயல்பான டிசிபி கீப்அலைவ் விழித்துச் சோதிக்கத் தொடங்கவே 2 மணி நேரம் ஆகும்.

காத்திருப்பது ஒரு வழி, அதை வழியென்று சொன்னால். போர்ட் எண்ணாக 0 கொடுத்தால் சர்வரே காலியான ஒன்றைத் தேர்ந்து சொல்லும். ஆனால் ஒவ்வொரு முறையும் எண் மாறுவதால், மறுமுனையில் இருப்பவருக்கு அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். ஆட்டோஎஸ்எஸ்எச் என்ற நிரல், அறுந்த இணைப்பைத் தானாகவே மீண்டும் இணைக்கும். ஆனால் மேலே சொன்ன எக்ஸிட் வரி இல்லாவிட்டால், இணைப்பு மட்டும் கிடைத்துப் போர்ட் கிடைக்காத நிலையில் திருப்தியோடு உட்கார்ந்திருக்கும். அதன் கண்காணிப்புப் போர்ட்டாக 20000 கொடுத்தால் 20001ஐயும் சேர்த்துப் பிடிக்கும் என்பது கூடுதல் வேடிக்கை; அங்கே 0 கொடுத்து அதை அணைத்துவிடுவது நல்லது.

நோயின் வேர் சர்வரில் இருப்பதால் நான் நம்புவது அங்கே செய்யும் மாற்றத்தைத்தான். எஸ்எஸ்எச் சர்வரின் அமைப்பில், நம்மை எத்தனை நொடிக்கு ஒருமுறை அழைத்துப் பார்ப்பது என்று சொல்லும் கிளையன்ட்அலைவ்இன்டர்வலை 30 நொடியாக வைத்தேன். பதில் வராத 3 அழைப்புகளுக்குப் பின் இணைப்பை வெட்டுவது அதன் இயல்பு. ஆக ஏறத்தாழ ஒன்றரை நிமிடம். மின்சாரம் திரும்பி ரவுட்டர் விளக்கு பச்சையாக மாறும் முன்பே 8080 காலியாகிவிடும்.