மலைக்குக் கறுப்பு மிதி மெஷின் சரிப்படுமா?

தையல் வகுப்பு முடித்த பெண்ணுக்கு முதல் மெஷினாக எதை வாங்குவது? நீலகிரியில் இன்னமும் பழைய கறுப்பு மிதி மெஷின்தான். வெள்ளை ஜிக்ஜாக் மெஷின் பார்க்க அழகு. ஆடிக் காற்றில் மரம் விழுந்து இரண்டு நாள் கரண்ட் போனால் வெறும் பெட்டி. மிதி மெஷினில் நாலு காசு வந்தபின் சின்ன மோட்டார் மாட்டிக்கொள்ளலாம். தலையும் ஸ்டாண்டும் தனித்தனியாகக் கழலும் என்பதால் ரோடு போகாத எஸ்டேட் லைன் வீடுகள் வரை தூக்கிப் போகலாம்.

ஆனால் கோயம்புத்தூரில் வருடக்கணக்கில் தொந்தரவில்லாமல் ஓடுவது, இங்கே ஒரே மழைக்காலத்தில் இறுகிவிடுகிறது. பெரும்பாலும் இது தேங்காய் எண்ணெயின் வேலை. வீட்டில் இருக்கிறதே என்று ஊற்றிவிடுகிறார்கள். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். ஊட்டிக் குளிரில் பாட்டிலிலேயே கட்டியாக நிற்கும் எண்ணெய், ஊசிக்கு அடியில் ஆடும் ஷட்டிலுக்குள் மட்டும் ஓடுமா? எண்ணெய்த் துளைகளில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, நூல் கோக்காமல் ஐந்து நிமிடம் மிதித்து, வழியும் கசடைத் துடைத்துவிட்டு மெஷின் ஆயில் ஒரு சொட்டு விடவும்.

தோல் பெல்ட் ஈரத்தில் நெகிழும். மிதி சுற்றும், ஊசி நகராது. அரை அங்குலம் வெட்டி மறுபடி கிளிப் போட்டால் போதும். அதிகம் இழுத்துக் கட்டினால் மிதி கனத்து முட்டி வலிக்கும். ராத்திரி ஊசியைத் துணியில் குத்தியபடி விட்டால் துருப்பிடிக்கும். எண்ணெய் தொட்ட பழைய துணித் துண்டை, துணியை அழுத்தும் பாதத்தின் கீழே வைத்து மூடவும். தரை மேடுபள்ளமானால் ஸ்டாண்டின் காலுக்கடியில் தேய்ந்த ரப்பர் செருப்புத் துண்டு.

வகுப்புகள் மீது ஒரு வருத்தம்: ஜாக்கெட் வெட்டச் சொல்லித் தருகிறார்கள், மெஷினைத் திறக்கச் சொல்லித் தருவதில்லை. அடியில் நூல் கொத்தாகச் சிக்கினால் எல்லோரும் அடிநூல் இருக்கும் பாபின் கேஸின் திருகையே முறுக்குகிறார்கள். தப்பு பெரும்பாலும் மேல்நூல் கோத்ததில். நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் உட்கார்ந்திருக்காது. சான்றிதழ் தருகிற வகுப்பா என்பதையும் விசாரியுங்கள். தமிழக அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவச மெஷின் திட்டத்துக்கு அது வேண்டும்.

இன்னொன்று, ஜாக்கெட்டின் உள்ளே வைக்கும் லைனிங் துணி. நனைத்துக் காயவைக்க மழையில் மூன்று நாள் ஆகும். பொறுக்காமல் தைத்தால் முதல் துவைப்பிலேயே லைனிங் சுருங்கி ஜாக்கெட் இறுகிவிடும், அந்த வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார்.

ஸ்வெட்டர் வேலைக்கு மிதி மெஷின் உதவாது. நேர்த்தையல், இழுக்கும் துணியில் அறுந்துவிடும். ஜெர்கின் ஜிப் மாற்றுவது நல்ல வரும்படி: 18 எண் ஊசி, தடித்த மூட்டில் மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் திருப்ப வேண்டும்.

பிளாஸ்டிக் தடையுள்ள மாவட்டம், துணிப்பைக்கு எப்போதும் தேவை உண்டு. 36 அங்குல அகலக் காடாத்துணி ஒரு மீட்டரில் 15 அங்குல அகலத்தில் நீளவாக்கில் இரண்டு துண்டு. மடித்துத் தைத்தால் 14க்கு 18 அளவில் இரண்டு பை. மிஞ்சும் 6 அங்குலப் பட்டையில் நாலு கைப்பிடி, துளி வீணில்லை. பை கிழிவது கைப்பிடி சேரும் இடத்தில்தான். அங்கே சதுரமாக ஓட்டி உள்ளே குறுக்காக இரண்டு கோடு போடுங்கள். அந்த மடிப்பில் 14 எண் ஊசி உடையும், 16 மாட்டுங்கள்.