கப் கன்னா, எச்.வி.எல்.பி.யா, ஏர்லெஸ்ஸா? தொழிலுக்கு வாங்கும் முன்

போன மாதம் ஒரு தம்பி எங்கள் பட்டறைக்கு வந்தார். கதவு, வார்ட்ரோபுக்கு ஸ்ப்ரே கன்னால் பி.யூ. (பாலியூரிதேன்) பாலிஷ் அடிக்கிறவர். "அண்ணே, நல்ல எச்.வி.எல்.பி. கன்தான் வாங்கினேன். ஆனா ஆரஞ்சுத் தோல் மாதிரியே வருது. கன் டூப்ளிகேட்டா?" என்று கேட்டார். எச்.வி.எல்.பி. என்றால் ஹை வால்யூம், லோ பிரஷர்: நிறையக் காற்று, குறைந்த அழுத்தம். அவர் இடத்துக்கே போய்ப் பார்த்தேன். முதல் மூன்று வீச்சு பட்டுப் போல விழுந்தது. நான்காவது வீச்சில் காற்றழுத்தத்தைக் காட்டும் மீட்டர் முள் இறங்கத் தொடங்கியது. ஐந்தாவதில் புகை போல வர வேண்டிய பாலிஷ் சொட்டுச் சொட்டாகத் தெறித்தது. கன்னில் ஒரு குறையும் இல்லை. மூலையில் இருந்த 1 எச்.பி. கம்ப்ரஸரால் அதற்குக் காற்று கொடுக்க முடியவில்லை.

ஸ்ப்ரேயர் வாங்க வருகிற எல்லோரிடமும் நான் இரண்டு கேள்வி கேட்பேன். எவ்வளவு கெட்டியான சரக்கை, எவ்வளவு பெரிய பரப்பில் அடிக்கப் போகிறீர்கள்? அதற்குத் தேவையான காற்றோ அழுத்தமோ உங்களிடம் இருக்கிறதா? மாடலும் கம்பெனியும் அதற்குப் பிறகுதான்.

முதலில் எல்லோருக்கும் பழக்கமான சாதாரண கப் கன். கம்ப்ரஸர் காற்றை 40, 50 பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்தில் விழும் பவுண்டு அழுத்தம்) அளவில் உள்ளே விட்டு, அந்த வேகத்திலேயே பெயின்ட்டைச் சிதறடிக்கும். அமெரிக்காவின் டொலிடோ நகரத்தில் ஆலன் டிவில்பிஸ் என்ற தொண்டை மருத்துவர் நோயாளியின் தொண்டைக்குள் மருந்து தெளிக்கச் செய்த கருவியை, அவர் மகன் தாமஸ் பெயின்ட் அடிக்க மாற்றியதில் இந்தக் குடும்பம் கிளை விட்டது. இன்றும் வேலை செய்யும் விதம் அதுதான். விலை குறைவு, ஊசியும் நாசிலும் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், பினிஷிங்கும் அருமையாக வரும். குறை என்னவென்றால், பெரும்பகுதி சரக்கு பலகையில் படாமல் காற்றோடு போய்விடும். கப்பில் ஊற்றுகிற 10 லிட்டரில் மூன்றரை, நான்கு லிட்டர் பலகையில் நின்றாலே பெரிது. மீதி தரையில், சுவரில், நம் நெஞ்சுக்குள்.

எச்.வி.எல்.பி. அந்த நஷ்டத்தைக் குறைக்க வந்தது. காற்று நிறைய வரும், ஆனால் கன்னின் வாயில் அழுத்தம் 10 பி.எஸ்.ஐ.யைத் தாண்டாது. மெதுவாக வருவதால் சரக்கு பலகையில் மோதித் திரும்புவதில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் காற்று மாசு விதிகள் கடுமையானபோது, குறைந்தது 65 சதவீதமாவது பொருளில் படியவேண்டும் என்று அளவு வைத்தார்கள். அதனால்தான் இந்த வகை அங்கே வேகமாகப் பரவியது. ஹார்டனர் கலந்து அடிக்கும் இரண்டு கூறு பி.யூ. விற்கும் விலையில் இந்த வித்தியாசம் மாதக் கணக்கில் பெரிய தொகை. இரும்பு கிரில், நாற்காலிக் கால் மாதிரி இடைவெளி உள்ள பொருளில் மட்டும் இவ்வளவு லாபத்தை எதிர்பார்க்காதீர்கள். எந்தக் கன்னிலும் பாதி வெளியே போகத்தான் செய்யும்.

ஆனால் பெயரிலேயே இருக்கிறது, இதற்குக் காற்று நிறைய வேண்டும். பல எச்.வி.எல்.பி. கன்கள் நிமிடத்துக்கு 10 கன அடி காற்றுக்கு மேல் கேட்கும். பிஸ்டன் கம்ப்ரஸரில் ஒரு எச்.பி.க்கு சுமார் 4 கன அடி என்று தகட்டில் போட்டிருப்பார்கள். அது பிஸ்டன் இழுக்கும் அளவு. டேங்கிலிருந்து நமக்குக் கிடைப்பது அதில் மூன்றில் இரண்டு பங்கு, கூடினால் நான்கில் மூன்று. கணக்கு போட்டுப் பாருங்கள். தம்பியின் 1 எச்.பி. எந்த விதத்திலும் போதாது. நாள் முழுக்க அடிக்க 5 எச்.பி. வேண்டும், அதற்குப் பெரும்பாலும் மூன்று ஃபேஸ் லைன் வேண்டும். விட்டுவிட்டு அடிக்கும் கதவு வேலைக்கு 3 எச்.பி.யும் பெரிய டேங்கும் சமாளிக்கும். கரன்ட் வசதி அதற்கும் கீழே என்றால் குறைந்த காற்றிலேயே ஓடும் எல்.வி.எல்.பி. கன் வாங்கலாம். 5 கன அடிக்குள் வேலையை முடித்துவிடும். வேகம் குறைவு, ஆனால் 2 எச்.பி. வைத்திருப்பவருக்கு ஏற்ற கன் அதுதான் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

கம்ப்ரஸரோடு தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரையும் சேர்த்தே வாங்குங்கள். ஐப்பசி மழையில் டேங்கின் அடிவால்வைத் திறந்தால் டம்ளர் கணக்கில் தண்ணீர் வரும். அந்த ஈரம் சீக்கிரம் உலரும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரோடு கலந்தால் பளிச்சென்ற தேக்குக் கதவு பால் ஊற்றியது போல வெளுத்துப் போகும். காற்றிலேயே ஈரம் மிகுந்த நாளில் ஃபில்டர் இருந்தும் வெளுக்கும். அந்த நாளில் வேலையை நிறுத்துவதே நல்லது.

கம்ப்ரஸரே வேண்டாம் என்பவருக்கு டர்பைன் எச்.வி.எல்.பி. உண்டு. வேக்குவம் கிளீனர் அளவில் ஒரு பெட்டி, தடித்த ஹோஸ், அவ்வளவுதான். ஐந்தாவது மாடி ஃபிளாட்டில் வேலை என்றால் தூக்கிக்கொண்டு ஏறலாம். ஆனால் அதிலிருந்து வரும் காற்று சூடாக இருக்கும். சித்திரை வெயிலில் அந்தச் சூடும் சேர்ந்தால் தின்னர் வழியிலேயே பறந்து, பலகையில் தூசு போல விழும். மெதுவாக உலரும் தின்னர் கலந்தால்தான் சரிப்படும்.

ஏர்லெஸ் வேறு ஜாதி. இதில் காற்றே கிடையாது. பம்ப் பெயின்ட்டையே 2,000, 3,000 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் ஊசித்துளை வழியாகத் தள்ளும். அந்த வேகத்தில் பெயின்ட் தானாகவே சிதறும். சுவர், கூரை ஷீட், ஆலை ஷெட்டின் இரும்புத் தூண்கள் என்று பெரிய பரப்புக்கு இதற்கு இணை கிடையாது. எமல்ஷனை அதிகம் தண்ணீர் கலக்காமல் அடிக்கலாம் என்பது பெரிய லாபம்.

இதை வாங்குகிறவர் டிப் (பெயின்ட் வெளியே வரும் நுனி) மேல் உள்ள எண்ணைப் படிக்கக் கற்றாக வேண்டும். 517 என்று இருந்தால், முதல் எண் 5-ஐ இரட்டித்தால் 10. சுவரிலிருந்து ஒரு அடி தள்ளிப் பிடித்தால் விசிறி 10 அங்குல அகலம் விழும். கடைசி 17 என்பது துளை, அங்குலத்தில் ஆயிரத்தில் 17 பங்கு. அந்தத் துளை 2,000 பி.எஸ்.ஐ.யில் நிமிடத்துக்குச் சுமார் 1.2 லிட்டர் தண்ணீரை வெளியேற்றும். 20 லிட்டர் வாளி கால் மணி நேரம் சற்றுக் கூடத் தாங்கும், அவ்வளவுதான். சுவர் எமல்ஷனுக்கு 517, 519. கதவு எனாமலுக்கு 411 அல்லது 413. மெஷின் வாங்கும்போது அது எத்தனை எண் வரை தாங்கும் என்று கேளுங்கள். 17 வரை மட்டும் தாங்கும் பம்பில் 21 போட்டால் விசிறியின் இரண்டு ஓரத்திலும் கோடு கோடாக விழும். டிப் தேய்வதையும் கவனியுங்கள். 10 அங்குலம் விழுந்த விசிறி ஏழரைக்குச் சுருங்கினால் துளை பெரிதாகிவிட்டது, பெயின்ட் வீணாகிறது என்று அர்த்தம். டிப்பை மிச்சம் பிடித்து பெயின்ட்டைக் கொட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

இதே ஏர்லெஸ் சின்ன வேலைக்கு நஷ்டம். கால் அங்குல ஹோஸ் 15 மீட்டர் என்றால் அதற்குள்ளேயே கிட்டத்தட்ட அரை லிட்டர் பெயின்ட் நிற்கும். ஒவ்வொரு கலர் மாற்றத்துக்கும் அதைக் கழுவ வேண்டும். ஆட்கள் குடியிருக்கும் வீட்டில் ஜன்னல், டைல்ஸ், ஃபேன் எல்லாவற்றையும் மூடி டேப் ஒட்டவே ஒரு நாள் போகும். அங்கே ரோலர்தான் லாபம். வெளிச்சுவரில் காற்று வேறு. ஒருமுறை இரண்டாம் மாடியில் நான் அடித்தது பக்கத்து வீட்டு கறுப்பு காரில் வெள்ளைப் புள்ளியாக இறங்கிவிட்டது. அதைத் தேய்த்து எடுத்துக் கொடுக்க இரண்டு நாள் கூலி போனது. புது சிமென்ட் பூச்சில் ஏர்லெஸ் அடித்தால், காய்வதற்குள் பின்னாலேயே ஒருவர் ரோலர் ஓட்ட வேண்டும். அப்போதுதான் பூச்சின் பள்ளங்களில் பெயின்ட் இறங்கிப் பிடிக்கும்.

இனி சொல்வதைத் தயவுசெய்து உங்கள் ஆட்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். கார் டயரில் இருக்கும் அழுத்தம் 32 பி.எஸ்.ஐ. போல. ஏர்லெஸ் டிப்பில் இருப்பது அதைப்போல அறுபது முதல் தொண்ணூறு மடங்கு வரை. அடைப்பு எடுக்கிறேன் என்று டிப்பில் விரல் வைத்தால் பெயின்ட் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் முள் குத்தியது போலத்தான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இருக்காது. பேன்ட்எய்ட் ஒட்டி விட்டுவிட்டால் விரலையே இழக்க நேரலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், "அதிக அழுத்தத்தில் பெயின்ட் உள்ளே போயிருக்கிறது" என்று அந்த வார்த்தையிலேயே சொல்ல வேண்டும். டிப்பைத் தொடும் முன் மெஷினை நிறுத்தி, ட்ரிக்கரை வாளிக்குள் அழுத்தி, மிச்ச அழுத்தத்தை வெளியேற்றும் பிரைம் வால்வைத் திறந்து, ட்ரிக்கர் லாக்கும் போட வேண்டும். பி.யூ. அடிப்பவருக்கு ஆபத்து வேறு மாதிரி. ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். முகத்தில் கட்டும் துண்டு அதைத் தடுக்காது. கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க்காவது வேண்டும், மூடிய அறையில் தொடர்ந்து அடிப்பவருக்கு வெளிக்காற்று வரும் மாஸ்க் வேண்டும்.

காற்றுக் கன்னையும் ஏர்லெஸ்ஸையும் கலந்த ஏர் அசிஸ்டட் ஏர்லெஸ் என்று ஒன்றும் உண்டு. தினமும் நூறு கதவு ஓடும் ஃபேக்டரிக்கு அது பொருத்தம், தனி ஆளுக்குத் தேவையில்லை. கையில் பிடிக்கும் சின்ன எலெக்ட்ரிக் ஸ்ப்ரேயரைத் தொழிலுக்கு வாங்க வேண்டாம்.

மர வேலையில் தொடங்குகிறவர் என்றால் நான் பணத்தை இப்படிப் போடுவேன். முதல் செலவு கம்ப்ரஸர். கோயம்புத்தூரிலேயே செய்கிறார்கள், உதிரிபாகத்துக்கு அலைய வேண்டாம். பிறகு 1.4 மி.மீ. நாசில் உள்ள கிராவிட்டி கன் (கப் மேலே இருப்பது) ஒன்று டாப் கோட்டுக்கு, 1.8 ஒன்று பிரைமருக்கு. கட்டட வேலை எடுப்பவர் ஏர்லெஸ்ஸை முதலில் இரண்டு வேலைக்கு வாடகைக்கு எடுத்துப் பார்க்கட்டும். வாங்குவதென்றால் பம்ப் பேக்கிங் மாற்றித்தர உங்கள் ஊரில் ஆள் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள்.

அந்தத் தம்பி கன்னை மாற்றவில்லை. 3 எச்.பி. கம்ப்ரஸரும் 160 லிட்டர் டேங்கும் வாங்கினார். நேற்று ஒரு போட்டோ அனுப்பினார். கறுப்பு வார்ட்ரோப் கதவில் எதிரே இருந்த டியூப் லைட் ஒரே கோடாக, எங்கும் நெளியாமல் தெரிந்தது.